பால்பவுடர் டப்பாவில் ஐந்து இருபது

கிண்டிக்குத் தெற்கே, செங்கல்பட்டுக்கு வடக்கே, கிணற்று வாளியால் அடித்து டிராகனைக் கொன்ற ஒரே ஆள் நான்தான். ஏதோ குட்டி டிராகன் என்று நினைத்துவிட வேண்டாம். தலையைப் பல்லாவரத்தில் வைத்துப் படுத்தால் வால் வண்டலூரில் கிடக்கும். ஐந்தே அடி. ஐந்தும் நடு மண்டையில். முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய் நாலு பரோட்டா சாப்பிட்டேன்.

என் மனைவி பியூலா நான் சொல்லும் எதையும் பத்தால் வகுத்துத்தான் காதில் வாங்குவாள். முப்பத்தைந்து வருஷ வழக்கம். "அஞ்சு அடியை வகுத்தா அரை அடி. டிராகனை எவ்வளவு வகுத்தாலும் ஓணான்தான். பரோட்டா மட்டும் நாலுதான், அதை நான் நம்பறேன்" என்பாள்.

விஷயம் இதுதான். 1985-இலிருந்து 87 வரை கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு விளையாட்டு விளையாடினோம். சவுரிமுத்துவின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்திலோ அதன் விதிப்புத்தகத்தை வாங்கி வந்திருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை நடத்துவான். "எதிரே ஒரு குகை. உள்ளே குறட்டைச் சத்தம். என்ன செய்றீங்க?" என்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்னது விழுந்தால் இல்லை. அப்படி ஒரு பகடையைத் தாம்பரம் மார்க்கெட்டில் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி, நாலாக மடித்து, பால்பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கலாம்.

ஆட்டத்தில் சவுரிமுத்து வைத்தியன். நான் கொல்லன். கதை நடத்தியவன் தட்சிணாமூர்த்தி. இருநூறு பக்க நோட்டில் ஒரு நாட்டையே எழுதி வைத்திருந்தான். ஆறு, மலை, அரசன், அரசனின் மச்சான், மச்சானின் மூட்டுவலி எல்லாம் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் சவுரியும் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவன் சவுரி வீட்டு மொட்டைமாடி ரூமில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறுகூட விடவில்லை. சரி, ஆறு ஞாயிறு விட்டிருப்போம். அம்மை போட்டிருந்தது.

போன மாதம் எங்கள் வீட்டுக் கேட்டில் நின்று ஜோசலின் கூப்பிட்டாள். எங்கள் தெருப் பெண், சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. "அங்கிள், நீங்க அந்தக் காலத்துலயே ரோல்பிளே ஆடியிருக்கீங்களாமே, ஆன்ட்டி சொன்னாங்க. நம்ம சிட்லபாக்கம் சங்க மண்டபத்துல சனி, ஞாயிறு ரெண்டு நாள் வைக்கிறோம். பழைய பாணி. பேப்பர், பென்சில், பகடை மட்டும்தான். வர்றீங்களா?"

வர்றீங்களாவா? தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஏரிக்கரையில் நடப்பதையும் கொத்தமல்லி வாங்குவதையும் தவிர எனக்கு எந்த வீரச்செயலும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தொடங்குவதற்கு எட்டு மணிக்கே போய் நின்றேன்.

மண்டபத்தில் நானூறு பேர். சரி, நாற்பது பேர். ஆறு மேஜை. ஒருவர் சட்டைக்கு மேல் வெல்வெட் அங்கி போட்டு வந்திருந்தார். அக்டோபர் புழுக்கத்தில், நாலு மின்விசிறியில், அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாசலில் கிளியம்மாள் டீ கேனும் வடைத் தட்டுமாக உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா சார், டிராமா கம்பெனியா?" என்றாள்.

ஆட்டம் தொடங்கும் முன் ஜோசலின் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தாள். "உங்க பேர், உங்க வாழ்க்கையிலேயே நீங்க போட்ட பெரிய பகடை. ரெண்டே வாக்கியம்." ஒருவன் இரண்டு இருபது தொடர்ந்து போட்டதாகச் சொன்னான், கைதட்டினார்கள். இன்னொரு பெண் மூன்று என்றாள், விசில் பறந்தது. என் முறை வந்தது.

"ஞானையா. எண்பத்தேழாம் வருஷம், கிணற்று வாளி, டிராகன். அஞ்சு இருபது, தொடர்ந்து."

மண்டபமே சிரித்தது. எனக்கும் சந்தோஷம்தான். நம்பாமல் சிரிப்பவர்களைப் பார்க்க எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அதுக்கு வாய்ப்பு முப்பத்திரண்டு லட்சத்துல ஒண்ணு."

திரும்பாமலே தெரிந்தது. அந்தக் குரலில் எத்தனை நூறு தடவை "என்ன செய்றீங்க?" என்று கேட்டிருக்கிறேன். தட்சிணாமூர்த்தி. முடி மொத்தமும் வெள்ளை, முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. பம்பாயில் ஏதோ காப்பீட்டுக் கம்பெனியில் மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போடும் வேலை. ஓய்வு பெற்றுச் சேலையூரில் வீடு வாங்கி இரண்டு வருஷமாகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு வருஷமாக நான் சேலையூர்ப் பக்கமே போகாமல் இருந்தேன்.

"சார், உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்று ஜோசலின் கேட்டாள்.

"அந்தக் கதையை நடத்தினது நான்தான்மா."

"ஐயோ! அப்போ சாட்சியே இருக்கு! நிஜமா அஞ்சு இருபதா சார்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஏமாத்தினேன்னு அவரே அன்னைக்கு ஒத்துக்கிட்டாரும்மா" என்றான்.

மறுபடி சிரிப்பு. "அங்கிள் செம ஆளு!" என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? அவன் சொன்னது உண்மை. நான் ஒத்துக்கொண்டேன்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டு வருஷக் கதையின் கடைசிக் குகை, கடைசி டிராகன். என் சம்மட்டி உடைந்துவிட்டது. சவுரியின் வைத்தியன் மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கிறான். கையில் அகப்பட்டது ஒரு வாளி. "வாளியால அடிச்சா இருபது விழுந்தாத்தான் படும். அதுவும் அஞ்சு அடி பட்டாத்தான் சாகும். ஒரு அடி தவறினா நீ சாம்பல்" என்றான் தட்சிணா. சரி என்றேன். எடுத்தேன், இருபது. எடுத்தேன், இருபது. மூன்றாவதும் இருபது வந்ததும் தட்சிணா டப்பாவை என்னிடமிருந்து பிடுங்கித் தானே குலுக்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். கையை உயர்த்தி எடுத்தேன். இருபது. அப்புறம் இன்னொன்று. இந்தப் பத்தியில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சவுரி கத்திக்கொண்டே என்னைத் தூக்கிச் சுற்றினான். தட்சிணா எழுந்து நின்றான். "ஏமாத்தறே. இது செல்லாது. அடுத்த ஞாயிறு முதல்லேர்ந்து ஆடணும்."

"எப்படிடா ஏமாத்துவான்? டப்பா உன் கையிலதானே இருந்துச்சு?" என்று எனக்காகச் சண்டை போட்டான் சவுரி. அரை மணி நேரம் போட்டான். தட்சிணா அசையவே இல்லை. "அவன் எப்போதான் நிஜம் பேசியிருக்கான்?" என்றான்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று பட்டது. கதை விடுபவன்தான் நான். ஆனால் ஆட்டத்தில் ஒரு நாளும் கை வைத்ததில்லை. கோபத்தில், அவனை நோகடிக்க என்ன சொல்லலாம் என்று தேடி, அதையே சொன்னேன். "ஆமாண்டா, ஏமாத்தினேன். சட்டைக் கைக்குள்ள சீட்டு வச்சிருந்தேன். ரெண்டு வருஷமா ஏமாத்தறேன், உனக்குத் தெரியலை. இப்போ என்ன?"

வாழ்க்கையில் நான் சொன்ன லட்சம் பொய்களில் அந்த ஒன்றுதான் விலைபோனது. தட்சிணா நோட்டை எடுத்து நடுவில் பிடித்து இரண்டாகக் கிழித்தான். கிழித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். சவுரி டப்பாவை மூடி அலமாரி மேலே வைத்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் எனக்குத் தூத்துக்குடியில் வேலை. சவுரி கடைசிவரை எனக்கு நண்பன்தான். ஆனால் அதற்கப்புறம் நான் எந்தக் கதை சொன்னாலும் பாதிச் சிரிப்போடுதான் கேட்பான், விவரம் கேட்க மாட்டான். எனக்காக அவ்வளவு வாதாடியவனை நானே முட்டாளாக்கிவிட்டேன் என்று அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். "தட்சிணாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுடா" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வான். பேசுறேன் பேசுறேன் என்பேன். 2021-இல் சவுரி போனான். அந்தக் கொரோனா நேரத்தில் அடக்கத்துக்கு இருபது பேரைத்தான் விட்டார்கள். அந்த இருபதில் நான் கல்லறைத் தோட்டத்தின் இந்தச் சுவரோரம், தட்சிணா அந்தச் சுவரோரம். முகக்கவசம் போட்டிருந்தது இரண்டு பேருக்குமே வசதியாகப் போயிற்று.

மண்டபத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஜோசலின் ஒரே மேஜையில் போட்டாள். வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ. இப்போது நிஜப் பகடை, கண்ணாடி மாதிரி நீல நிறத்தில். நான் உருட்டும்போதெல்லாம் மேஜையே எட்டிப் பார்த்தது. மூன்று. இரண்டு. ஐந்து. அப்புறம் ஒன்று. "அங்கிள், டிராகன் கொன்ன கையா இது?" என்று அங்கிக்காரர் கிண்டல் செய்தார். மற்ற நாளாக இருந்தால் அந்த ஒன்றையே ஒரு காவியமாக்கியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. எதிரே தட்சிணா தன் தாளில் சின்ன எழுத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தான். "அந்தப் பாலத்துல கயிறு கட்டிக்கிட்டுப் போறது நல்லது" என்று பொதுவாகச் சொல்வான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். பியூலாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன, மண்டபம் இடிஞ்சு விழுந்து நீங்க ஒத்தைக் கையில தாங்கிப் பிடிச்ச கதை எதுவும் இல்லையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைக் கைக்குள் சீட்டு வைத்திருந்ததாகச் சொன்னது பொய் என்று அவளிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இதுல வகுக்க ஒண்ணும் இல்லையே" என்றாள். பிறகு, "நாளைக்குப் போவீங்கல்ல?"

"முழங்கால் வலிக்குது."

"முழங்கால் இன்னைக்குக் காலையிலயும் இருந்துச்சே."

ஞாயிறு காலை ஆட்டத்தில் நான் இருந்தேன் என்று பேர். பதினோரு மணிக்கு டீக்கு விட்டார்கள். தட்சிணா தம்ளரோடு மண்டபத்துக்கு வெளியே, பைக்குகளுக்குப் பக்கத்தில், தனியாக நின்றான். நானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு போனேன். பத்தடி தூரம். அந்தப் பத்தடிக்கு எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

"தட்சிணா."

"சொல்லுங்க."

அந்த "ங்க"வைக் கேட்டதும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"அன்னைக்கு நான் ஏமாத்தலை. ஏமாத்தினேன்னு சொன்னதுதான் பொய். சீட்டு எதையும் எங்கயும் வச்சிருக்கலை. கோபத்துல சொன்னேன். நீங்க நம்பணும்னுகூட இல்லை. சொல்லாமலே போயிடக் கூடாது, அதான்."

அவன் டீயைக் குடிக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"சட்டைக் கைக்குள்ளன்னு சொன்னே" என்றான் மெல்ல. "நீ அன்னைக்கு சட்டையே போட்டிருக்கலை. கோயில்லேர்ந்து வந்ததும் கழட்டிக் கதவுல மாட்டிட்டே. கையில்லாத பனியன். மூணு பேரும் பனியன்தான். அந்த ரூம்ல அப்படி ஒரு வெக்கை."

எனக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருஷம் நான் சொன்ன பொய்யில் ஒரு சட்டை இருந்ததால், எனக்கே சட்டை போட்டிருந்ததாகத்தான் நினைப்பு.

"அப்போ உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீ சொன்ன நிமிஷத்துலேர்ந்து. அதுக்கு முன்னாலயும் தெரியும். டப்பா என் கையிலதானே இருந்துச்சு."

தம்ளரைப் பைக் சீட்டின் மேல் வைத்தேன். "அப்புறம் எதுக்குடா?"

"உனக்குத் தூத்துக்குடி ஆர்டர் வந்தாச்சு. சவுரிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆள் வந்துட்டுப் போனாங்க. எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் இருந்துச்சு. டிராகன் செத்தா கதை முடிஞ்சுது. அதனாலதான் அதுக்கு அப்படி ஒரு கணக்கு வச்சேன், முப்பத்திரண்டு லட்சத்துல ஒண்ணு. சாகவே கூடாது அது. நீ கொன்னுட்டே." கண்ணாடியைக் கழற்றினான். "செல்லாதுன்னு சொன்னா சண்டை போடுவே, அடுத்த வாரம் மறுபடி ஆடுவோம்னு நினைச்சேன். நீ ஒத்துக்குவேன்னு யாருடா நினைச்சா? நீ ஒத்துக்கிட்டப்புறம், இல்லை நீ பொய் சொல்றேன்னு நான் எப்படிச் சொல்றது? சொன்னா, எனக்குத் தெரிஞ்சேதான் உன்னைத் திருடன்னேன்னு ஆயிடும்."

எங்கள் இரண்டு பேர் முன்னாலும் ஒரு பைக் ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவனை ஒரு அறை விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் என் வருத்தமெல்லாம் அவனைப் பற்றி இல்லை. வேறு ஒருவனைப் பற்றித்தான்.

"சவுரி செத்துப் போயிட்டான்டா" என்றேன். "நான் ஏமாத்துக்காரன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டான். அவன்கிட்டயாவது நீ சொல்லியிருக்கலாம்ல?"

தட்சிணா என்னை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு நாளில் முதல் தடவை.

"அவனா? மறுநாள் காலையிலயே என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். 'அவன் பனியன்தான்டா போட்டிருந்தான், போய் ஞானையாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுடா'ன்னான். பம்பாய்க்கு லெட்டர் போடுவான், கடைசி வரி அதுதான். போன் வந்தப்புறம் போன்ல. ஆஸ்பத்திரிலேர்ந்துகூட. அவன் ஒருநாளும் உன்னைச் சந்தேகப்படலை. நாம ரெண்டு பேருமே பொய் சொல்றோம்னு தெரிஞ்சு, யாராவது ஒருத்தன் முதல்ல வாயைத் திறப்பானான்னு பார்த்துக்கிட்டே இருந்தான்."

அந்தப் பாதிச் சிரிப்பு. முப்பத்துநாலு வருஷம் அதை நான் தப்பாகவே படித்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஏண்டா இப்படிச் சிரிக்கிறே?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஊர் உலகத்துக்கே வாய் ஓயாமல் பேசுகிற நான் அவனிடம் அதைக் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்திருக்கலாம். அவன் பெட்டியை இறக்கும்போதாவது இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றிருக்கலாம்.

"சொல்லியிருக்கலாம்டா" என்றான் தட்சிணா. "எத்தனையோ தடவை ரிசீவரைக் கையில எடுத்துட்டு வச்சிருக்கேன்."

"நீ டயல் பண்ணியிருந்தா போதுமே. போன் இலாகாவிலேயே உட்கார்ந்திருந்தேனேடா" என்றேன்.

"டீ ஆறிக்கினு கீது சார், ரெண்டு பேரும் இன்னா பேச்சு?" என்று கிளியம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். அவள் குரல் கேட்டுத்தானோ என்னவோ ஜோசலின் வாசலுக்கு வந்தாள். எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்து அவளுக்கு ஏதோ தப்பாகப்பட்டிருக்க வேண்டும்.

"அங்கிள், சாரி, நேத்து நான் விளையாட்டாத்தான் கேட்டேன். அந்த இருபது மேட்டரை விட்டுடலாம். எங்க செட்டுலயும் இப்படிப் பீலா விடற ஆளுங்க நிறைய. யாரும் சீரியஸா எடுத்துக்கலை."

எனக்குப் பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தட்சிணா கையால் தடுத்தான். மண்டப வாசற்படியில் ஏறி நின்றான். உள்ளே அங்கிக்காரரும் மற்றவர்களும் வடையும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"நேத்து நான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். இவன் ஏமாத்தலை. கடைசி ரெண்டு தடவை டப்பாவை நான்தான் தலைக்கு மேல பிடிச்சிருந்தேன், சீட்டை ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சேன். அஞ்சுமே இருபதுதாம்மா. நடந்துச்சு."